முப்பத்தேழாவது கூடு

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 41. என் அண்ணன் தவில் வாசிப்பவர். வலக்கை விரல்களில் மாட்டும் கூடு, துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்துச் செய்வது. மழைக்காலத்தில் இளகுகிறது, வியர்வையில் நழுவுகிறது, விரல் வீங்கிவிட்டால் கழற்ற முடிவதில்லை. ஒரு முகூர்த்த நாளில் இரண்டு கல்யாணம் வாசித்துவிட்டு வந்து அண்ணன் கூட்டைக் கழற்றினார். தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. அன்றைக்குத் தொடங்கினேன். ஐந்து வருடம் ஆகிறது. இதுவரை 37 மாதிரிகள் செய்துவிட்டேன்.

முதலில் நைலான் தடியைக் கடைந்து செய்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஊர்த் திருவிழாவில் அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பாதியில் கழற்றிவிட்டார். இப்போது பக்கவாட்டில் ஒரு வெட்டு விட்டு, உள்ளே சிலிக்கோன் உறை வைத்து, விரல் வீங்கினால் தானே விரிந்துகொடுக்கும்படி செய்திருக்கிறேன். உங்களுக்கு அனுப்பியிருப்பதைத் தவிர, வீட்டுக்கு வெளியே இன்னும் யாருக்கும் காட்டவில்லை. அண்ணன் "நாதம் இல்லடா" என்கிறார். தெய்வ வாத்தியத்தில் பிளாஸ்டிக்கா என்று சித்தப்பா கோபப்படுகிறார். மனைவியின் நகைகள் அடகில் இருக்கின்றன. இதுவரை 2,80,000 ரூபாய் செலவு. வாத்தியக் கடைக்காரர் ஒருவர் "கொண்டு வந்து காட்டு, நான் போட்டுத் தருகிறேன்" என்கிறார். ஒவ்வொன்றையும் பிள்ளையார் முன் வைத்து வேண்டிக்கொண்டுதான் கடைகிறேன். இது கடவுள் எனக்குக் கொடுத்த வேலை என்று நம்புகிறேன். தொடரலாமா, விட்டுவிடலாமா? காப்புரிமை கிடைக்குமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய இரண்டு கூடுகளும் இப்போது என் மேசைமேல் இருக்கின்றன. உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுத உட்காரவில்லை. எங்கள் தெருக்கோடிச் சிவன் கோயிலில் தவில் வாசிக்கும் பெரியவரிடம் போய், அவர் விரலில் போடும் கூடு ஒன்றை இரவல் கேட்டேன். "பழசுதான், ஆனா ஆள்காட்டி விரலுக்கு இதுதான் பாந்தமா இருக்கு. சாயரட்சைக்குள்ள கொடுத்துடுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். அந்த ஒரு கூட்டை அவர் எவ்வளவு பத்திரமாக மடியிலிருந்து எடுத்தார் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். தொழிற்சாலைக் கருவிகள் செய்யும் டூல் ரூமில் 18 வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் காப்புரிமை முகவராக வந்தவன் நான். அதனால் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் தேய்மானத்தைத்தான் பார்ப்பேன். பெரியவரின் கூடு முனையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கிறது. விரல் தவிலின் தோல்மேல் நேராகக் குத்துவதில்லை, சரிந்து விழுகிறது. அந்தச் சரிவு எவ்வளவு என்பதை அவருடைய கை பல வருடமாகக் கூட்டின் மேல் எழுதி வைத்திருக்கிறது. உங்களுடைய இரண்டும் முனையில் அரை உருண்டையாக, அச்சு அசலாக வட்டமாக இருக்கின்றன. கடைசல் இயந்திரம் சுற்றுகிற பொருளுக்கு வட்டத்தைத்தான் கொடுக்கும். தம்பி, 37 மாதிரியிலும் நீங்கள் பொருளை மாற்றியிருக்கிறீர்கள், தடிமனை மாற்றியிருக்கிறீர்கள், உறையை மாற்றியிருக்கிறீர்கள். வட்டத்தை மாற்றினீர்களா என்று உங்கள் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

இன்னொன்றும் செய்தேன். பழைய கூட்டை மாட்டிக்கொண்டு மேசையின் பலகையைத் தட்டினேன். உங்களுடையதையும் மாட்டித் தட்டினேன். எனக்குத் தவில் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உடனே தெரிந்தது. பழையதில் பலகையின் அதிர்வு விரல் நுனிக்கு வந்து சேர்கிறது. உங்களுடையதில் வரவில்லை, பஞ்சுமேல் தட்டியதுபோல அடங்கிப்போகிறது. காரணம் நீங்கள் முனைவரைக்கும் சிலிக்கோன் உறை வைத்திருப்பது. வாசிப்பவருக்கு நாதம் காதில் மட்டும் கேட்பதில்லை, விரலிலும் கேட்கிறது. அண்ணன் "நாதம் இல்லடா" என்று சொன்னதில் பாதி இதுவாக இருக்கலாம். உறையைப் பக்கவாட்டில் மட்டும் வைத்து, நுனியில் விரல் நேராக ஓட்டில் படும்படி விட்டுப் பாருங்கள். கனமும் கொஞ்சம் கூடுதல். பழையதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்கிறது. நாலு விரலில் அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு மூன்று மணி நேரம் ஊர்வலத்தில் வாசித்தால் மணிக்கட்டு என்னாகும் என்று யோசியுங்கள்.

இதையெல்லாம் முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் கேட்டது நம்பிக்கையைப் பற்றி. என் பதிலும் நம்பிக்கையைப் பற்றித்தான். அன்று அண்ணன் விரலில் தோல் உரிந்ததைப் பார்த்தீர்களே, அதை நம்புங்கள். அந்த வலி உண்மை, அதைத் தீர்க்க ஆள் வேண்டும் என்பதும் உண்மை. அதைக் கடவுள் உங்களுக்குக் காட்டினார் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன், அப்படிச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நைலானும் சிலிக்கோனும் பக்கவாட்டு வெட்டும் நீங்கள் யோசித்தவை. அவற்றைத் தூக்கிப் போட நேர்ந்தால் கடவுளைக் கைவிட்டதாக ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கட்டிவிட்டால் அண்ணன் சொல்லும் குறையெல்லாம் உங்கள் பக்தியைக் குறை சொல்வதுபோலக் கேட்கும். உங்கள் கடிதத்தில் அந்த வருத்தம் தெரிகிறது.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் வேலைக்கு மிக நெருக்கமானது. அங்கே டிரம்ஸ் வாத்தியத்துக்குக் கன்றுக்குட்டித் தோல்தான் போட்டுவந்தார்கள். ஈரக் காற்று அடித்தால் தொய்ந்துவிடும், காய்ந்த இடத்தில் விறைத்துவிடும். டூபாண்ட் நிறுவனத்தின் பாலியெஸ்டர் படலம் வந்ததும், அதைத் தோலுக்குப் பதில் போடலாம் என்று ஒரே சமயத்தில் பலருக்குத் தோன்றியது. 1956-இல் சிக் எவன்ஸ், 1957-இல் ரீமோ பெல்லி என்று அடுத்தடுத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். படலம் எல்லாருக்கும் கிடைத்தது. சிக்கல் இருந்தது வேறு இடத்தில்: வழவழப்பான அந்தப் படலத்தை நழுவாமல் வளையத்தில் எப்படிப் பிடித்து நிறுத்துவது? பெல்லியும் சாம் மச்னிக் என்ற வேதியியலாளரும் படலத்தின் ஓரத்தில் துளைகள் இட்டு, அலுமினிய வளையத்தின் பள்ளத்தில் வைத்து, இறுகும் பிசினை ஊற்றிப் பிடிக்கவைத்தார்கள். புதுப்பொருள் அவர்களைக் காப்பாற்றவில்லை, ஓரத்தில் செய்த அந்தச் சின்ன வேலைதான் காப்பாற்றியது. உங்கள் விஷயத்தில் அந்த ஓரம் பக்கவாட்டு வெட்டு என்பது என் எண்ணம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சித்தப்பாவுக்கு என்ன சொல்வது? அவரோடு சண்டை போடாதீர்கள். தவிலில் முன்பெல்லாம் வார் பிடித்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். இப்போது பெரும்பாலும் இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும்தான், ஸ்பானர் வைத்துத்தான் முறுக்குகிறார்கள். அதுவும் கோயிலுக்குள்தான் வாசிக்கப்படுகிறது. சுருதிக்கு இன்று மேடைகளில் ஒலிக்கும் மின்னணுத் தம்பூராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-இல் அதைச் செய்தவர் பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண், பொறியாளர், புல்லாங்குழல் வாசிப்பவர். வாசிக்கிற விரலும் சால்டரிங் பிடிக்கிற விரலும் ஒரே கையில் இருந்தன. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற நரசிங்கம்பேட்டைக்கு வாருங்கள். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த பாரி நாகஸ்வரத்தைக் கடைந்து கொடுத்தவர் அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி. குட்டையான, சுருதி கூடிய திமிரியிலிருந்து நீளமான, சுருதி தாழ்ந்த பாரிக்கு மாறியது சின்ன மாற்றம் இல்லை, வாத்தியத்தின் குரலே மாறிப்போனது. அந்த நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு காலத்தில் புதுமையாக வந்ததுதான் இன்று ஊரின் பெருமை. சித்தப்பா வாதத்தால் மாற மாட்டார். அண்ணன் ஒரு சீசன் முழுக்கப் புண் இல்லாத விரலோடு வாசிப்பதைக் கண்ணால் பார்த்தால் மாறலாம்.

ஆசாரி பட்டறையில் கடைந்ததை வித்வான் ஊதிப் பார்த்தார், வித்வான் சொன்னதை ஆசாரி மறுபடி கடைந்தார். உங்கள் வீட்டிலேயே அந்த ஜோடி இருக்கிறது. ஆனால் நீங்கள் தனியாகக் கடைந்து முடித்துவிட்டு, கடைசியில் தீர்ப்புச் சொல்ல அண்ணனைக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் மாற்றுங்கள். அவரைப் பட்டறையில் பக்கத்தில் உட்காரவையுங்கள். அரத்தை அவர் கையிலேயே கொடுத்து, எங்கே உறுத்துகிறதோ அங்கே தேய்க்கச் சொல்லுங்கள்.

"நாதம் இல்லை" என்பதையும் சோதித்துப் பார்க்கலாம். அண்ணனை உள்அறையில் உட்காரவைத்து ஒரே தாளச் சொல்லைப் பழைய கூட்டிலும் புதுக் கூட்டிலும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். வெளித் திண்ணையில் தவில் கேட்டுப் பழகிய மூன்று பேர், எது பழையது, எது புதியது என்று இருபது முறை எழுதட்டும். சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றால் குறை கூட்டில் இருக்கிறது, பட்டறைக்குத் திரும்புங்கள். தோராயமாகப் பாதிக்குப் பாதிதான் சரியாக வருகிறது என்றால் வித்தியாசம் விரலுக்குத்தான் தெரிகிறது, பழகினால் போய்விடும். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் 38-ஆவது மாதிரியைத் தொடாதீர்கள்.

அப்புறம், "நல்லா இருக்கா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே நல்லாயில்லை என்று சொல்ல மாட்டார்கள். மூன்று பேரிடம் கொடுத்து ஒரு மண்டலம் விட்டுவிடுங்கள். 48-ஆம் நாள் சொல்லாமல் போய்ப் பாருங்கள். அவர்கள் மடியில் எந்தக் கூடு இருக்கிறதோ அதுதான் பதில். ஆனால் இதைக் காப்புரிமை விண்ணப்பம் போட்ட பிறகு செய்யுங்கள், முன்னால் வேண்டாம்.

சரி, காப்புரிமைக்கு வருவோம். திருவிழாவில் வாசித்த அந்தச் சாதா நைலான் கூடு போனது போனதுதான். ஊரே பார்த்துவிட்டது, இரண்டு வருடமும் ஆகிவிட்டது. சோதனைக்காகப் பொது இடத்தில் பயன்படுத்த வேண்டியிருந்தால் விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் நடந்ததைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு பொறுத்துக்கொள்ளும். அதற்கும் மேல் பொறுக்காது. பரவாயில்லை, அதில் பெரிய இழப்பும் இல்லை. துணிக்குப் பதில் நைலான் என்று பொருளை மட்டும் மாற்றியிருந்தால், "இது யாருக்கும் தோன்றக்கூடியதுதானே" என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் கேட்பார். விரலோடு சேர்ந்து விரியும் வெட்டும் அதைத் திருப்பி இழுத்துப் பிடிக்கும் உறையும் சேர்ந்த அமைப்புதான் உங்களுடைய கண்டுபிடிப்பு. அது வீட்டுக்குள்ளேயே இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். விண்ணப்பம் போட்டதாக நீங்கள் எழுதும்வரை இந்தக் கேள்வி பதிலும் பத்திரிகையில் வராது. இதேபோல வேறு யாராவது ஏற்கெனவே பதிந்திருக்கிறார்களா என்று காப்புரிமை அலுவலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். தவில் என்று மட்டும் தேடாதீர்கள். விரலுறை, தையல்காரர் போடும் அங்குஸ்தான், கிதார் வாசிப்பவர் விரலில் மாட்டும் மீட்டி, எல்லாவற்றையும் பாருங்கள்.

தேடிவிட்டு, தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பை முதற்கட்டமாக விவரிக்கும் குறிப்போடு, ஒரு விண்ணப்பம் போடுங்கள். தனிநபர் இணையம் வழியாகப் போட்டால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். அன்றைய தேதி உங்களுடையதாகிவிடும். அதன்பின் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். பரிசோதனைக்குத் தனியாக 4,000 ரூபாய். முகவர் கட்டணம் வேறு. கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் உரிமை. நம் பகுதிக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆனால் அதற்காகப் பஸ் ஏற வேண்டியதில்லை. குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருப்பதாகச் சொன்னால் சந்தோஷப்படுவேன், உங்களுக்கே அது உதவும். ஆனால் நம் சட்டத்தில் முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான் முன்னுரிமை, முதலில் யோசித்தவருக்கு இல்லை. பணம் இடித்தால் காந்திநகரில் உள்ள தேசியப் புத்தாக்க அறக்கட்டளைக்கு எழுதுங்கள். பட்டம் படிக்காமல் பட்டறையிலும் வயலிலும் புதிதாகச் செய்கிறவர்களுக்காகவே 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமைப்பு அது. காப்புரிமை விண்ணப்பத்துக்கும் உதவுகிறார்கள்.

கடைக்காரரிடம் இப்போதைக்குப் போக வேண்டாம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் கதையைக் கேளுங்கள். ஆம்ஸ்டர்டாமில் வின்கெல் என்பவர் 1814-இல் அதைச் செய்தார். மெல்செல் என்பவர் அதைப் பார்த்தார், ஓர் அளவுகோலைச் சேர்த்தார், 1815-இல் தன் பெயரில் காப்புரிமை வாங்கினார். பிறகு நெதர்லாந்தின் அறிவியல் கழகமே விசாரித்து வின்கெல் பக்கம் நியாயம் சொன்னது. ஆனால் இன்றைக்கும் சில மேற்கத்திய இசைக் குறிப்புகளில் வேகத்தைக் குறிக்கப் போடும் "எம்.எம்." என்ற இரண்டு எழுத்துகளில் ஒன்று மெல்செல் பெயரின் முதல் எழுத்து. என்னிடம் வந்த ஒருவருக்கும் இப்படித்தான் ஆனது. ஒரு கண்காட்சியில் மேசை போட்டு எல்லாருக்கும் செய்து காட்டிவிட்டு, இரண்டு வருடம் கழித்துக் கோப்போடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்ன நாள் எனக்கு மறக்கவில்லை. விண்ணப்ப எண் கையில் வந்த மறுநாள் கடைக்காரரிடம் தாராளமாகப் போங்கள்.

கடைசியாக ஒன்று. இதை எழுதத் தயக்கமாக இருந்தது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நகையை முதலில் மீட்டுக் கொடுங்கள். இந்த வருடம் பட்டறைக்கு வரும் கடைசல் வேலைகளை முதலில் முடியுங்கள். கூடு வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை போதும். நைலான் துண்டுக்கும் சிலிக்கோனுக்கும் பெரிய செலவு ஆகாது. 2,80,000 எங்கே போனது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டால், வார்ப்பு அச்சுக்கும் அவசரத்துக்கும் போயிருக்கும். வாசிப்பவர் மடியில் கூடு தங்கும்வரை வார்ப்பு அச்சு செய்யக் கூடாது. உங்கள் வீட்டம்மா ஐந்து வருடம் பொறுத்திருக்கிறார். அவரும் இதில் நம்பிக்கை வைத்திருக்கிறார் என்றுதான் அதற்குப் பொருள், அதை நினைவில் வையுங்கள். கடன் இல்லாமல் பத்து வருடம் கூட முயலலாம். கடனோடு முயன்றால் அடுத்த வட்டி நாளுக்குள் கூடு சரியாக வந்தே ஆக வேண்டும் என்றாகிவிடும், அந்த அவசரத்தில் அண்ணன் சொல்வது காதில் ஏறாது.

தொடரலாமா என்று கேட்டீர்கள். தொடருங்கள். அடுத்த தை முகூர்த்தம்வரை நான் சொன்ன இந்த மாற்றங்களைச் செய்து பாருங்கள்: முனைச் சாய்வு, நுனியில் உறை இல்லாமை, கனக் குறைப்பு. ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. தை முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.

உங்கள் இரண்டு கூடுகளையும் நாளைக் கூரியரில் திருப்பி அனுப்புகிறேன். பெரியவரின் கூட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றின் முனையில் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதை இயந்திரத்தில் மாட்டாதீர்கள். அண்ணனை உட்காரவைத்து, அரத்தால் கையாலேயே அந்தக் கோடுவரை தேய்த்துப் பாருங்கள். மணி ஐந்தாகப் போகிறது, நான் கோயிலுக்குப் போய்ப் பெரியவரிடம் அவருடையதைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.